என்ஏபிஎச் போர்டு மாட்டிட்டா நல்ல ஆஸ்பத்திரியா? கேளுங்க, சொல்லுதேன்

பாளையங்கோட்டையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில குவாலிட்டி வேலை பாக்கேன், அதுக்கு முன்ன வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில்.

அம்பாசமுத்திரத்துல இருந்து: அக்கா, அம்மாவுக்கு ஆபரேஷன். ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல என்ஏபிஎச்னு பெருசா போர்டு இருக்கு. நம்பிப் போலாமா?

தம்பி, அது ஆஸ்பத்திரிகளுக்குத் தர அங்கீகாரம் குடுக்குத அமைப்பு, இந்திய தரக் கவுன்சிலுக்குக் கீழ உள்ளது. ஆஸ்பத்திரிக்காரங்களே ஃபீஸ் கட்டி, வந்து பாருங்கன்னு கூப்பிடுததுதான். டாக்டர் கைராசியெல்லாம் அவிய அளக்க மாட்டாவ. ஊசி போடுததுக்கு முன்ன பேரையும் நம்பரையும் சரி பாக்காங்களா, வலது காலா இடது காலான்னு தியேட்டருக்குப் போறதுக்கு முன்னயே மார்க் பண்ணுதாங்களா, ஆபரேஷன் புண்ணுல சீழ் வச்சவங்க எத்தன பேருன்னு மாசாமாசம் கணக்கு எடுக்காங்களா, இதத்தான் பாப்பாவ. போர்டுல முழு அங்கீகாரமா, ஆரம்பப் படியான என்ட்ரி லெவலான்னு பாருங்க, ரெண்டும் ஒண்ணு கெடையாது. தேதி முடிஞ்சும் கழட்டாம மாட்டி வச்சிருக்கவங்களும் உண்டு, என்ஏபிஎச் வெப்சைட்டுலயே பேரைத் தேடிப் பாத்துக்கிடலாம்.

வள்ளியூர், ஸ்டாஃப் நர்ஸ்: அடுத்த மாசம் என்ஏபிஎச்ல இருந்து சோதிக்க அசெசர் வாராவ சிஸ்டர். மேனுவலை மனப்பாடம் பண்ணச் சொல்லுதாங்க, தூக்கமே இல்ல.

மனப்பாடம் பண்ணி ஒண்ணும் ஆவப்போறதில்ல தாயி, அவிய பக்கத்துல வந்து நின்னுக்கிட்டு கை கழுவிக் காட்டுங்கம்மான்னுதான் சொல்லுவாவ, தவறி ஒங்க கையில ஊசி குத்திட்டா முதல்ல என்ன செய்வீங்க யார்ட்ட சொல்லுவீங்கன்னு கேப்பாவ, தீப்பிடிச்சா எந்த வழியா பேஷண்ட்டைக் கொண்டு போவீங்கன்னு கேப்பாவ. கூட்டிப் பெருக்குத அக்காட்டயும் கேப்பாவ, அதனால ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில, டிரிப் ஏத்துத ஐவி செட்டு சிவப்புப் பையில, ஊசி வெள்ளை டப்பாவுல, கண்ணாடி மருந்து பாட்டில் நீலத்துலன்னு அந்த அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கணும். அவசர மருந்து வைக்குத தள்ளுவண்டி, அதான் க்ராஷ் கார்ட், அதுல எக்ஸ்பைரி பாத்துருங்க. பொட்டாசியம் குளோரைடு தப்பாப் போட்டா உயிருக்கே ஆபத்து, அது மத்த ஆம்பூலோட கலந்து கெடக்கக் கூடாது. ஃப்ரிட்ஜ் 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், அந்த டிகிரியைக் குறிக்குத ரெஜிஸ்டரை நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் இன்னைக்கே எழுதி வைக்க ஆள் எல்லா ஊர்லயும் உண்டு, அசெசர் முதல்ல பொரட்டுதது அதைத்தான்! ஏதாவது ஒரு கேஸ் ஷீட்டை உருவி டைம், கையெழுத்து, டோஸ் எல்லாம் இருக்கான்னு பாப்பாவ, பேஷண்ட்டுக்குப் புரியுத பாஷையில சம்மதம் வாங்கியிருக்கான்னும் பாப்பாவ. தெரியலன்னா இன்சார்ஜ்கிட்ட கேட்டு செய்வேன்னு சொல்லுங்க, அதுல தப்பே இல்ல. கதை மட்டும் விடாதீங்க.

சங்கரன்கோவில்: எங்களது 30 பெட் ஆஸ்பத்திரி. என்ஏபிஎச் வாங்கித் தார கன்சல்டன்ட் ஒருத்தர் எல்லாம் நான் பாத்துக்கிடுதேங்காரு. பெரிய தொகை கேக்காரு.

அண்ணாச்சி, 50 பெட் வரைக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்குன்னு தனி ஸ்டாண்டர்ட் இருக்கு, என்ட்ரி லெவல்ல இருந்தும் ஆரம்பிக்கலாம். லைசென்ஸுகளைத்தான் முதல்ல எடுங்க: ஃபயர், மருத்துவக் கழிவு, எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், பார்மசி. இழுத்தடிக்கிறது அதுதான். கன்சல்டன்ட் குடுக்க மேனுவல்ல வேற ஆஸ்பத்திரி பேரு மாத்தாம அப்படியே கெடக்கத நானே பாத்திருக்கேன், ஒங்க ஆளுங்க உக்காந்து எழுதாத மேனுவல் அலமாரியிலதான் தூங்கும்.

தென்காசி: அரசு ஆஸ்பத்திரிக்கு இதெல்லாம் கெடையாதா?

ஏன் இல்லாம? என்க்யூஏஎஸ்னு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மத்திய சுகாதாரத்துறையோட தர ஸ்டாண்டர்ட் இருக்கு. நேர்ல பாப்பாவ, ஸ்டாஃப்ட்ட கேப்பாவ, ரெக்கார்டு பாப்பாவ, பேஷண்ட்டுட்டயும் கேப்பாவ, ஒவ்வொண்ணுக்கும் 0, 1, 2ன்னு மார்க். சுத்தத்துக்கு 2015ல வந்த காயகல்ப், பிரசவ வார்டுக்கு 2017ல வந்த லக்ஷ்யா. கூட்டம் அலைமோதுத இடத்துல இதை வாங்குதது தனியார்ல வாங்குததை விட கஷ்டம், எனக்கு அவிய மேல மரியாதை ஜாஸ்தி.

மேலப்பாளையம்: ரெண்டு நாளைக்கு பெயிண்ட் அடிச்சு நாடகம் போடுதாங்க, அம்புட்டுதானே?

பாதி உண்மைதான் பாய், இல்லங்கல. ஆனா பெயிண்ட் அடிக்கலாம், பல மாசத்துக் கணக்கை ஒரே ராத்திரியில எழுத முடியாது, எழுதுனா மை நிறமே காட்டிக் குடுத்துரும். என்கிட்ட கேட்டா, ஒரு தவறு கூட நடக்கலன்னு ரிப்போர்ட் வச்சிருக்க ஆஸ்பத்திரியைத்தான் நம்ப மாட்டேன், அங்க எழுதுனவங்களுக்குத் திட்டு விழுந்திருக்கும். ராத்திரி பாத்ரூம் போகையில பெரியவர் விழுந்துட்டாருன்னு ஒரு நர்ஸ் பயமில்லாம எழுதி, அதைப் பாத்து கைப்பிடியும் லைட்டும் போட்டு, அடுத்த மூணு மாசம் எத்தன பேர் விழுந்தாங்கன்னு திரும்ப எண்ணுதாங்கன்னா அங்க வேலை நடக்கு. எண்ணலன்னா எத்தன சர்டிபிகேட் இருந்தாலும் சுவத்துக்குத்தான் அழகு.

களக்காடு: பேஷண்ட் பக்கத்துல இருந்து நாங்க என்ன கேக்கலாம்?

சேரும்போதே எவ்வளவு ஆவும்னு எஸ்டிமேட்டை எழுதிக் கேளுங்க. கேஸ் ஷீட் காப்பி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள டாக்டர் குடுக்கணும்னு 2002 மருத்துவக் கவுன்சில் விதியிலயே இருக்கு, அங்கீகாரம் இருந்தாலும் இல்லாட்டாலும். வாயால கேக்காம எழுதிக் குடுத்து, வாங்கிக்கிட்டோம்னு ஒரு சீல் வாங்கி வச்சிக்கிடுங்க.