ஆட்டோமேட்டிக் காரில் கியர் ஆயில்: எதை ஊற்றுவது, எப்படி மாற்றுவது?

கேள்வி: அண்ணாச்சி, நான் பாளையங்கோட்டை. 2017 மாடல் ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை 2024 தொடக்கத்தில் தூத்துக்குடியில் செகண்ட்ஹேண்டாக வாங்கினேன். இப்போது 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வேலை விஷயமாக வாராவாரம் செங்கோட்டை வழியாகப் புனலூர் போய் வருகிறேன். புளியரை ஏற்றத்தில் கியர் மாறும்போது லேசாக உதறுகிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் "இந்த ஆயிலை ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்" என்கிறார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இந்தச் சிவப்பு ஆயில்தான்" என்று ஒரு கேனை நீட்டுகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தம்பி, இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். ஆயிலை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேனை வாங்கிவிடாதீர்கள்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை கியர் பாக்ஸ் என்று தெரிய வேண்டும். லீவரைப் பாருங்கள். அதில் பார்க்கிங்கைக் குறிக்கும் ‘பி’ எழுத்தே இல்லை என்றால் பெரும்பாலும் ஏஎம்டி. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் பாக்ஸ்தான். கிளட்சை மிதித்து கியர் போடும் வேலையை மட்டும் ஒரு கருவி செய்கிறது. மாறும்போது கொஞ்சம் தலையாட்டுவது அதன் சுபாவம். அதற்குப் பெரும்பாலும் ஜிஎல் 4 தர கியர் ஆயில். புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கும்போது, "ஜிஎல் 5 இன்னும் உசத்தி" என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதில் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். கியர்கள் உரசாமல் சேர உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அது அரிக்கக்கூடும்.

‘பி’ இருந்தால் டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் விசையை ஆயில் வழியாகக் கடத்துவது), சிவிடி (பெல்ட்டும் கப்பியும் வைத்தது), டிசிடி (இரட்டை கிளட்ச்) மூன்றில் ஒன்று. சிவிடியில் கியர் மாறுவதே தெரியாது. உங்களுக்குத் தெரிகிறது, உதறலும் இருக்கிறது; டார்க் கன்வெர்ட்டராக இருக்கவே வாய்ப்பு அதிகம். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு பிரித்துப் பார்க்கிறேன் என்றால், ஒவ்வொரு பாக்ஸும் ஆயிலிடம் எதிர்பார்ப்பது வேறு. டார்க் கன்வெர்ட்டர் பாக்ஸில் கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கின்றன. பிடிக்கும் முன் கொஞ்சம் வழுக்கி, அப்புறம் மெத்தென்று பிடிக்க வேண்டும். அந்த அளவைத் தீர்மானிப்பது ஆயிலில் இருக்கும் சேர்மானம். சிவிடியிலோ ஸ்டீல் பெல்ட் கப்பியில் வழுக்கவே கூடாது. அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு சிவிடி வண்டி என்னிடம் வந்தது. வேறெங்கோ சாதாரண ஏடிஎஃப், அதாவது டார்க் கன்வெர்ட்டர் பாக்ஸுக்கு ஊற்றும் ஆயில், ஊற்றியிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால், கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய கப்பி முகத்தில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடுகள். பாக்ஸையே மாற்ற வேண்டியதாயிற்று. எனக்கு மனசே ஆறவில்லை.

சிவப்பு என்பது வெறும் சாயம். புத்தகத்தில் எஸ்பி 4, டெக்ஸ்ரான் 6, டபிள்யூஎஸ் என்று ஏதாவது ஒரு தரக்குறி இருக்கும். கேனிலும் அதே குறி இருக்க வேண்டும். இருந்தால் வேறு கம்பெனி ஆயிலானாலும் பரவாயில்லை.

‘ஆயுசுக்கும்’ என்ற பேச்சுக்கு வருகிறேன். மலை ஏற்றம், கடும் வெயில், நெரிசல் என்று ஓடும் வண்டிகளுக்குப் பல புத்தகங்களில் தனி அட்டவணையே உண்டு. நீங்கள் அந்தக் கணக்கில்தான் வருவீர்கள். புளியரை எஸ் வளைவில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஏறும்போது இன்ஜின் முக்குகிறது, சக்கரம் அந்த அளவுக்குச் சுற்றுவதில்லை. அந்த வேக வித்தியாசத்தில் வீணாகும் சக்தி கன்வெர்ட்டருக்குள் சூடாக மாறி ஆயிலைக் காய்ச்சுகிறது. சாரல் சீசனில் குற்றாலம் நெரிசலில் நிற்பதும் அப்படித்தான். இந்த ஓட்டத்துக்கு 60,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள் என்பேன். சிவிடி என்றால் இன்னும் முன்னாலேயே.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தது வேறு ஒன்று. தூத்துக்குடி, 2024 தொடக்கம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நெல்லை, தூத்துக்குடி இரண்டு மாவட்டங்களிலும் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. கியர் பாக்ஸின் மேல் பக்கம் காற்றுப்போக்கி ஒன்று உண்டு. தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறினால் உள்ளே இறங்கிவிடும். பிளேட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுத் தாளின் பசையை அது மெல்ல மெல்லக் கெடுக்கும். அதனால் முதலில் நாலு சொட்டு ஆயிலை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். பால் டீ நிறம் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அதற்குப் பிறகு வண்டியை எடுக்காதீர்கள். கறுத்துக் கருகல் வாடை அடித்தால் பிளேட் தேய்ந்திருக்கிறது, ஆயில் மட்டும் மாற்றி அது சரியாகாது. பழுப்பேறிய சிவப்பு என்றால் கவலையில்லை.

மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். முதலில் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே வடிக்கும் போல்ட்டைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் எல்லாம் வடிந்த பிறகு மேல் போல்ட் இறுகிக்கொண்டு, வண்டி ரேம்ப்பிலேயே நிற்கும். காந்தம் வைத்த போல்ட் என்றால் அதில் சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருப்பது சகஜம். இரும்புச் சில்லுகள் இருந்தால் சகஜமில்லை. வடிந்ததை அளந்து, அதே அளவு ஊற்றச் சொல்லுங்கள். பாதி ஆயில் கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும் என்பதால் 1,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடித்து ஊற்றுங்கள். இதுவரை மாற்றாத பாக்ஸில் மிஷின் வைத்து அழுத்தி அலசுவதை நான் செய்வதில்லை.

அளவுபார்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பல பாக்ஸ்களில் வண்டி சமதளமாக நிற்க, இன்ஜின் ஓட, எல்லா கியரையும் ஒருமுறை போட்டு எடுத்து, ஆயில் சூடு புத்தகத்தில் சொன்ன டிகிரிக்கு வந்ததும் அளவு போல்ட்டைத் திறக்க வேண்டும். நூல் மாதிரி ஒழுகி, சொட்டாக மாறும் நேரத்தில் மூட வேண்டும். புது வாஷர் போட்டு. சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது, ஸ்கேனர் வேண்டும்.

பழைய ஆயிலைப் பாளையங்கால்வாயில் ஊற்ற விடாதீர்கள், அது வயலுக்குப் போகிற தண்ணீர். கேனில் பிடித்துப் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அன்று இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் ஒரு சொட்டு இருந்தாலும் புனலூருக்குக் கிளம்பாமல் நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்.