பாம்பன் பாலத்தில் தூக்கிப்போடும் கார்: ட்ராக்குக்கும் வீட்டுக்கும் ஒரே சஸ்பென்ஷன் சரிப்படுமா?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “என்னிடம் போலோ ஜிடி டிஎஸ்ஐ இருக்கிறது. வருஷத்துக்கு மூன்று முறை சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்கு எடுத்துப் போவேன். அதற்காகவே போன வருஷம் காயில்ஓவர் (உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) மாட்டி காரை 45 மி.மீ. இறக்கினேன். ரிம்மையும் 17 அங்குலமாக்கி 215/40 டயர் போட்டேன். ட்ராக்கில் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் ராமேஸ்வரம் போகும்போது பாம்பன் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் ‘டம்’ என்று இடிக்கிறது. உம்மா பின்சீட்டில் ஏறவே மாட்டேன் என்கிறார்கள். ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் குமிழை, கிளிக் கிளிக்காக முழுக்க மென்மைக்குத் திருப்பியும் குறையவில்லை. கம்பெனி சஸ்பென்ஷனையே திரும்பப் போட்டுவிடலாமா?”

திரும்பப் போட வேண்டியதில்லை. ஆனால் காரை மேலே ஏற்றியாக வேண்டும். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி விஷயம்தான். கிளிக்கை மென்மையாக்கியும் இடி குறையவில்லை என்றால், இடிப்பது ஷாக் அல்ல, அதற்குள் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர். சக்கரம் மேலேறுவதற்கு இருந்த இடத்தில் பெரும்பகுதியைக் காரை இறக்கியபோதே செலவழித்துவிட்டீர்கள். மிச்சமிருக்கும் கொஞ்ச தூரத்தை ஒரே இணைப்பு தின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஸ்பிரிங்கும் இல்லை, ஷாக்கும் இல்லை. ரப்பர் நசுங்கி முடிந்ததும் அடி நேராக பாடிக்கு ஏறுகிறது.

இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முன் ஷாக்கின் தூசி உறையை மேலே தள்ளிவிட்டு, பளபளக்கும் தண்டில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டி, ஷாக் உடலைத் தொடும்படி கீழே இறக்கிவிடுங்கள். உச்சிப்புளி வரை ஒரு தடவை போய்வந்து பாருங்கள். ஷாக் எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவு தூரம் டை மேலே தள்ளப்பட்டிருக்கும். அது பம்ப் ஸ்டாப்பின் அடிவரை போய் நசுங்கி நின்றால் சந்தேகமே வேண்டாம். (தண்டு தலைகீழாக இருக்கும் வகை ஷாக்கில் இது நடக்காது.)

இறக்கினால் வளைவில் சாய்வு குறையும் என்று பலர் நம்புகிறார்கள். உங்கள் காரைப் போல முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு) உள்ள வண்டிகளில் ஓர் அளவுக்கு மேல் இறக்கினால் நடப்பது நேர்மாறு. சக்கரத்தை பாடியோடு இணைக்கும் கீழ் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விடும். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர், எடை மையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடைவெளி கூடினால் சாய்க்கும் விசையும் கூடும். அதைச் சமாளிக்கத்தான் அந்தக் கடினமான ஸ்பிரிங் தேவைப்படுகிறது. 45-ஐ 15 அல்லது 20 மி.மீ. ஆக்கினாலே, ஸ்பிரிங்கை இளக்கிக்கொள்ள வழி பிறக்கும்.

எவ்வளவு இளக்கலாம்? முன்சக்கரம் ஒன்றின் மேல் சுமார் 300 கிலோ உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 25 நியூட்டன் விசை வேண்டும் என்றால், அந்த மூலை வினாடிக்கு ஏறக்குறைய 1.45 முறை ஆடும். சாதாரணக் கார்கள் பெரும்பாலும் 1-க்கும் 1.5-க்கும் நடுவில்தான் இருக்கும். அதே இடத்தில் ட்ராக்குக்காக 60 நியூட்டன் ஸ்பிரிங் போட்டால் 2.25 ஆகிவிடும். வழவழப்பான ட்ராக்கில் அது நல்லது. திருப்புல்லாணி வழியாகத் தினமும் ராமநாதபுரம் போய்வருகிற முதுகுக்குக் கொடுமை. 35 நியூட்டன் போட்டால் 1.7 வரும். உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ட்ராக்கில் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம் நேரம் இழப்பீர்கள். வருஷத்தில் மூன்று நாளுக்காக மற்ற நாளெல்லாம் உம்மாவை வீட்டில் விட்டுப் போவதைவிட அது மேல்.

பின்பக்கத்தையும் சேர்த்து யோசியுங்கள். பாலத்து இணைப்பில் முன்சக்கரம் முதலில் ஏறும், பின்சக்கரம் சற்றுப் பிந்தி ஏறும். பிந்தி ஏறுகிற பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப்பிடித்து, கார் மட்டமாக எழுந்து மட்டமாக இறங்கும். 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் சொன்ன கணக்கு இது, இன்றும் செல்லும். முன்னால் மட்டும் இறுக்கிவிட்டால், கிணற்று ஏற்றம் போல மூக்கு எழும்போது வால் தாழும், வால் எழும்போது மூக்கு தாழும். பின்சீட்டில் இருப்பவருக்குக் குமட்டல் வருவது இந்த ஆட்டத்தால்தான். அதனால் ஸ்பிரிங்கை முன்னும் பின்னும் பொருத்தமான ஜோடியாகவே மாற்றுங்கள்.

அடுத்தது ஷாக். ஷாக்கைப் பற்றிப் பேசும்போது ‘குறைந்த வேகம்’, ‘அதிக வேகம்’ என்பது தண்டு அசையும் வேகம், கார் ஓடும் வேகமல்ல. வளைவில் சாய்வதும் பிரேக்கில் மூக்கு குனிவதும் மெதுவான அசைவுகள். பாலத்து இணைப்பில் சக்கரம் எகிறுவது மிக வேகமான அசைவு, கார் நாற்பதில் போனாலும் சரி. உங்களுக்கு வேண்டியது மெதுவான அசைவை நன்றாகப் பிடித்து, வேகமான அசைவில் உள்ளிருக்கும் எண்ணெயைத் தாராளமாக ஓடவிடும் ஷாக். ஒரே ஒரு குமிழ் உள்ள காயில்ஓவர்களில் இரண்டையும் தனித்தனியாகத் திருப்ப முடியாது. பெரும்பாலும் அந்தக் குமிழ் ரீபவுண்டைத்தான், அதாவது தண்டு திரும்ப வெளியே வருவதைத்தான் கூடுதலாக மாற்றும். ரீபவுண்டை ரொம்ப இறுக்கினாலும் சிக்கல்தான். முதல் இணைப்பில் அமுங்கிய ஸ்பிரிங் விரிவதற்குள் அடுத்த இணைப்பு வந்துவிடும். இப்படி வரிசையாக வாங்கி வாங்கி கார் ரப்பர் வரை இறங்கிவிடும். ஸ்பிரிங் மாற்றும்போதே ஷாக்கின் வால்வையும் அந்த ஸ்பிரிங்குக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற ஆளைப் பிடியுங்கள்.

கிளிக் பார்க்கும் வேலையைப் பாலத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். அது இரண்டே கால் கிலோமீட்டருக்கும் மேல் நீளம், வேடிக்கை பார்க்க வண்டியை நிறுத்துகிறவர்களும் நடுவில் நிற்பார்கள். ராமநாதபுரம்–உச்சிப்புளி சாலையில் ஒரே துண்டை, ஒரே வேகத்தில், ஒரே டயர் காற்றில் ஓட்டி, ஒவ்வொரு தடவையும் இரண்டு கிளிக் மட்டும் மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள்.

டயரில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 215/40-இல் பக்கச்சுவரின் உயரம் 86 மி.மீ. (215 மி.மீ. அகலத்தில் 40 சதவீதம்). 195/55 அளவில் 16 அங்குலத்துக்குப் போனால் அது 107. தரைக்கும் ரிம்முக்கும் நடுவே 21 மி.மீ. காற்றும் ரப்பரும் கூடுதலாகக் கிடைக்கிறது. வேறு எதைச் செய்தும் அவ்வளவு மலிவாகச் சொகுசு கிடைக்காது. மிச்சமாகும் காசில் நல்ல பிரேக் பேட் வாங்குங்கள், பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் நிற்க வேண்டும். ஈரம் இழுத்துவிட்டால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் ட்ராக்குக்குப் போகுமுன் மாற்றிவிடுவது நல்லது.

அப்புறம் உப்பு. தேவிபட்டினத்திலிருந்து ஒரு கார் வந்தது, உயரத்தைக் கூட்டித் தரச் சொன்னார்கள். காயில்ஓவரின் மரை முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. அதன் இடுக்கில் தனுஷ்கோடி மணல். ஸ்பானரைப் போட்டுத் திருப்பினேன், உயரத்தை மாற்றும் மரை வளையத்தின் காது உடைந்து கையோடு வந்தது. நான்கில் இரண்டு வளையங்களை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அரிச்சல்முனை வரை போய்வந்தால் அன்றைக்கே சக்கர வளைவுகளுக்குள் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். போர்வெல் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அது வேண்டாம். மரை காய்ந்ததும் மெழுகு போலப் படியும் துருத்தடுப்பு ஸ்பிரே அடியுங்கள். தண்டிலும் பிரேக் தட்டிலும் பட்டுவிடக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வளையத்தைக் கால் சுற்று திருப்பி, மறுபடி அதே அடையாளத்துக்குக் கொண்டுவந்து இறுக்குங்கள்.

உயரம் மாற்றினால் அலைன்மென்ட் கட்டாயம். எல்லாம் முடிந்ததும் நண்பர் ஒருவரை ஓட்டச் சொல்லிவிட்டு, உம்மா உட்காரும் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து ராமேஸ்வரம் வரை போய்வாருங்கள். பின்பக்கக் கிளிக்கை அங்கே உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.