கப்பல் வந்துவிட்டது, பெட்டிதான் வரவில்லை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, மார்ச்சில் எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வேலை அனுமதி) சிங்கப்பூர் வந்தேன். வீடு கிடைத்த பிறகு, திருச்சியிலிருந்து மனைவி 22 பெட்டி கட்டி சென்னை வழியாகக் கப்பலில் அனுப்பினார். கப்பல் வந்து ஒன்பது நாள் ஆகிறது. பில் ஆஃப் லேடிங்கில் (கப்பலில் ஏற்றிய சரக்குக்குத் தரும் ரசீது) என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, அதனால் பேப்பர் சரியில்லை என்கிறார் இங்குள்ள ஏஜென்ட். தினமும் கிடங்கு வாடகை ஏறுகிறதாம். போதாக்குறைக்கு மாமியார் ஆசையாகப் புது கிரைண்டரும் மிக்ஸியும் வாங்கி உள்ளே வைத்திருக்கிறார். நானே நேராகப் போய் எடுத்துவிடலாமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: முடியாது தம்பி, அந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். 22 பெட்டிக்குத் தனிக் கன்டெய்னர் கிடையாது, இன்னும் பல பேருடைய சரக்கோடு சேர்ந்து ஒரே கன்டெய்னரில் வந்திருக்கும். அதைப் பிரித்து இறக்குவது கெப்பல் டிஸ்ட்ரிபார்க் மாதிரி, தடையற்ற வர்த்தக வட்டாரத்துக்குள் இருக்கிற கிடங்கில். உள்ளே கால் வைக்கவே நுழைவு அனுமதி வேண்டும், டெலிவரி ஆர்டர் (சரக்கைக் கொடுக்கலாம் என்ற உத்தரவுத் தாள்) இல்லாமல் ஒரு அட்டைப்பெட்டியும் வெளியே வராது. சரக்கு அந்த வட்டாரத்தைத் தாண்டும்போதுதான் சுங்க வரி, ஜிஎஸ்டி எல்லாம் கணக்குக்கு வரும்.

இப்போது உங்கள் இனிஷியல். இது நம் ஆட்களுக்கென்றே இருக்கிற சங்கடம். ஊரில் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து போட்டால் போதும், பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து அப்பா பெயராக விரிந்து பின்னால் போய் உட்கார்ந்துவிடும், இங்கே உங்கள் பாஸிலும் அதே விரிந்த பெயர்தான் இருக்கும். சரக்கு வந்திருப்பது ஒரு பெயருக்கு, வரிவிலக்கு கேட்பது இன்னொரு பெயரில் என்றால் எந்த அதிகாரியும் நிறுத்தித்தான் கேட்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. பில் ஆஃப் லேடிங்கை யார் கொடுத்தாரோ அவர்தான் திருத்த முடியும், அதனால் இங்குள்ள ஏஜென்டிடம் மல்லுக்கட்டிப் பயனில்லை. சென்னை அலுவலகத்துக்கு இன்றைக்கே பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை அனுப்பி, எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி பெயரைத் திருத்தச் சொல்லுங்கள். திருத்தக் கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள், கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே இருப்பதைவிட அது மேல். அப்படியே அசல் பில் ஆஃப் லேடிங்கை அங்கேயே திருப்பி ஒப்படைத்தாகிவிட்டதா (சரண்டர் என்பார்கள்), இல்லை தாள் கூரியரில் வந்தாக வேண்டுமா என்றும் கேளுங்கள். பாதித் தாமதம் இந்த ஒரு தாளால்தான்.

வரிக்கு வருவோம். இருப்பிடம் மாற்றிக்கொண்டு வருகிறவரின் பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு சிங்கப்பூர் சுங்கத்துறை ஜிஎஸ்டி விலக்கு தருகிறது. நீங்கள் முதன்முதலில் வந்திறங்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் சாமான் வந்திருக்க வேண்டும், குறைந்தது 3 மாதமாவது அது உங்களிடம் இருந்து நீங்கள் பயன்படுத்தியிருக்க வேண்டும், வந்த பிறகு 3 மாதத்துக்கு அதை இங்கே விற்கவோ கைமாற்றவோ மாட்டேன் என்று உறுதி தர வேண்டும். டிக்ளரேஷன் ஆஃப் ஃபேக்ட்ஸ் என்ற படிவத்தை நிரப்பி, பாஸ்போர்ட், பாஸ், சாமான் பட்டியலோடு கொடுக்கச் சொல்வார்கள். மது, புகையிலை, வண்டி இதெல்லாம் இந்த விலக்கில் வராது. பலர் கோட்டை விடுவது அந்த 6 மாதத்தில்தான். குடும்பம் அப்புறம் வரட்டும், சாமானையும் அப்புறம் அனுப்பலாம் என்று இருந்துவிடுகிறார்கள், ஆனால் கணக்கு ஓட ஆரம்பிப்பது நீங்கள் வந்த நாளில்.

மாமியாரின் கிரைண்டரும் மிக்ஸியும் விலக்கில் வராது. அவற்றை மட்டும் தனியே, பில்லோடு, புதியது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடல் வழியாக வருவதால், தபாலிலும் விமானத்திலும் வருகிறவற்றுக்கு இருக்கிற 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரிவிலக்கு வரம்பு இதற்குப் பொருந்தாது. பொருள் விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றையும் சேர்த்த தொகைக்கு 9 சதவீதம் கட்ட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 250 வெள்ளி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், வரி 22 வெள்ளி 50 காசு. இதற்காக அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பழசு என்று எழுதச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஏய்த்த வரியைப் போல 20 மடங்கு வரை அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது, சிறையும் உண்டு. பாஸில் வேலை பார்க்கிற ஒருவர் 22 வெள்ளிக்காக அந்த வம்பை இழுத்துக்கொள்ள வேண்டுமா?

ஏஜென்ட் தரும் பில்லையும் ஒருமுறை கணக்குப் பாருங்கள். கூலி பெட்டி எண்ணிக்கைக்கு இல்லை, கன அளவுக்கு. 45க்கு 45க்கு 60 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 0.1215 கன மீட்டர், 22 பெட்டிக்கு 2.67, மேலே இழுத்து 3 என்று போட்டால் சரி. 5 என்று இருந்தால் கேளுங்கள். நான் 2009-ல் வந்தபோது வாசல் வரைக்கும் எல்லாம் அடக்கம் என்று ஊரில் பணம் வாங்கிக்கொண்டார்கள், இங்கே வந்ததும் இறக்குகூலி, ஆவணக் கட்டணம் என்று இன்னொரு பில் நீட்டினார்கள். பிரிவு பிரிவாக எழுதிக் கேட்ட பிறகுதான் இரண்டு கட்டணம் காணாமல் போனது. வாயால் சொல்லும் தொகைக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

கேள்வி: அக்கா, அடுத்த மாதம் மதுரையிலிருந்து சாமான் அனுப்பப் போகிறோம். பாட்டி காலத்து வெண்கல விளக்கு, தஞ்சாவூர் ஓவியம் ஒன்று, பூஜை சாமான், அப்புறம் மசாலாப் பொடி, கசகசா எல்லாம் இருக்கிறது. எதை அனுப்பலாம்?
– வாசகி, பொங்கோல்

பதில்: கசகசாவை எடுத்து இப்போதே அடுப்படியில் திருப்பி வைத்துவிடுங்கள் அம்மா. அதில் மார்ஃபின் இருக்கக்கூடும் என்பதால் இங்கே அது மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் வருகிறது. குருமாவுக்கு முந்திரி அரைத்துக்கொள்ளலாம். பொடி, ஊறுகாய் எதையும் கப்பல் பெட்டியில் போடாதீர்கள் என்பேன், தேக்காவில் (லிட்டில் இந்தியா) கிடைக்காத மசாலா இல்லை.

விளக்கும் ஓவியமும் மாட்டினால் சிங்கப்பூரில் மாட்டாது, சென்னையிலேயே மாட்டும். இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனி ஆட்கள் நாட்டை விட்டு அனுப்பவே கூடாது. பாட்டி காலம் என்றால் 60, 70 வருடம் இருக்கலாம், ஆனால் பார்த்ததும் பழசாகத் தெரியும், அதிகாரிக்கு உங்கள் பாட்டியைத் தெரியாது. தொல்லியல் துறையிடம் காட்டி, இது தொல்பொருள் இல்லை என்று சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்புங்கள். அது கைக்கு வரும்வரை விளக்கு மதுரையிலேயே இருக்கட்டும். பூஜை அறையில் மயிலிறகு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், இந்தியாவிலிருந்து ஏற்றுமதிக்குத் தடை.

பட்டியலை மட்டும் தயவுசெய்து பேக்கிங் ஆட்களிடம் விடாதீர்கள். என்னுடைய ஏழாம் நம்பர் பெட்டிக்கு அவர்கள் எழுதியது வெறும் ‘வீட்டுச் சாமான்’. கிடங்கில் அதைத்தான் திறக்கச் சொன்னார்கள். டேப்பை அறுத்து, அப்பாவின் பழைய வேட்டியை விலக்கினால் இட்லித் தட்டுக்கு அடியில் பெயர் எழுதாத பிளாஸ்டிக் பையில் அரைக் கிலோ வெள்ளைப் பொடி. பழனி விபூதி. அம்மா வைத்தது, எனக்கே தெரியாது. அந்த மலாய்க்கார அதிகாரி கோபப்படவில்லை, என் நெற்றியை ஒருமுறை பார்த்தார், இருந்தாலும் பை சோதனைக்குப் போய்த் திரும்பும்வரை மற்ற பெட்டிகளும் நின்றன. மூன்று நாள். அந்தப் பையை இங்கே வாங்கினாலும் நாலு வெள்ளி ஆகாது. அதனால் ஒவ்வொரு பெட்டியையும் நீங்களே பக்கத்தில் இருந்து கட்டுங்கள். எவர்சில்வர் பாத்திரம் 14, பருத்திப் புடவை 20, விபூதி ஒரு பொட்டலம் என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள், பெட்டி நம்பரும் பட்டியல் நம்பரும் ஒன்றாக இருக்கட்டும்.

கேள்வி: என் மகன் ஊரிலிருந்து பார்சல் அனுப்பியிருந்தான். நேற்று ஒருவர் போன் செய்து, பார்சல் சுங்கத்துறையில் நிற்கிறது, 380 வெள்ளியை உடனே ஒரு வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள் என்றார். கட்டலாமா?
– வாசகர், ஈசூன்

பதில்: கட்டாதீர்கள் ஐயா, இது மோசடிக் கும்பல்களின் பழைய வேலை. உங்களுக்கு நிஜமாகவே ஒரு பார்சல் வர வேண்டியிருப்பதால் நம்பத் தோன்றுகிறது, அவ்வளவுதான். மகனிடம் பார்சல் எண்ணை வாங்கி, அனுப்பிய நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் நீங்களே பாருங்கள், போனில் வந்த எண்ணைத் திருப்பி அழைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799-க்கு அழைத்துக் கேளுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிட்டு முதலில் வங்கிக்குப் போன் போடுங்கள்.