மருந்துச் சீட்டில் 'ரூல் அவுட்': மும்பை வாசகர்களுக்கு ஓர் ஆங்கில ஆசிரியரின் பதில்கள்

தாராவி, ஒரு தாய்: மகளின் சீட்டில் மருத்துவர் 'ரூல் அவுட் டிபி' என்று எழுதியிருக்கிறார். காசநோய் இல்லை என்றுதானே பொருள், ஐயா?

அப்படியில்லை அம்மா. இருக்கிறது என்றும் பொருள் இல்லை, பயப்படாதீர்கள். 'காசநோயா என்று சோதித்துப் பாருங்கள், இல்லையென்றால் அதை விலக்கிவிடலாம்' என்பதே அதன் பொருள். சோதனை முடிந்தபின் 'டிபி ரூல்டு அவுட்' என்று எழுதினால்தான் நோய் இல்லை. 'ரூல்டு' என்பதன் கடைசியில் வரும் அந்த 'டு'வைக் கவனியுங்கள். சிலர் 'ஆர்', சாய்கோடு, 'ஓ' என்று சுருக்கியும் எழுதுவார்கள். சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்; அரசு மையங்களில் காசநோய்க்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

மாட்டுங்கா, மாணவர்: 'ரூல்' ஆட்சி, 'அவுட்' வெளியே. ஆட்சியிலிருந்து வெளியேற்றுவதா?

தம்பி, வெட்டிப் பொருள் பார்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்து ஒரே வினை. காயத்தால் ஓர் ஆட்டக்காரர் 'ரூல்டு அவுட்' என்றால் அவர் ஆடப்போவதில்லை. 'அதை' என்று சொல்ல 'இட்' சேர்த்தால் மட்டும் அது நடுவில் வரும்: 'ரூல் இட் அவுட்'.

செம்பூர்: 'லீவ் அவுட்' இதேதானா?

இல்லை. பந்தியில் ஒருவருக்கு இலை போடாமல் விட்டால் 'லீவ் அவுட்'. ஆராய்ந்து விலக்கினால் 'ரூல் அவுட்'.

சயான், மொழிபெயர்ப்பாளர்: 'நிராகரி' என்றால் போதாதா?

போதாது. விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கோரிக்கையை நிராகரிக்கலாம். யாரோ நீட்டியதைத்தான் நிராகரிக்க முடியும். காசநோயை யார் நீட்டினார்கள்? 'சதிவேலையாக இருப்பதை நிராகரிக்க முடியாது' என்று செய்தியில் படிக்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. 'மறுப்பதற்கில்லை' என்ற அழகான தொடர் நம்மிடம் இருக்கிறதே!

அவரே மீண்டும்: மறுப்பும் ஒருவர் சொன்னதற்குத்தானே?

நியாயமான கேள்வி. ஆனால் 'மறுப்பதற்கில்லை' வழக்கில் ஊறி, 'அப்படியும் இருக்கலாம்' என்ற பொருளுக்கு வந்துவிட்டது. அதனால் 'ரூல்டு அவுட்' என்றால் 'இல்லையென்று உறுதியானது', 'கெனாட் பி ரூல்டு அவுட்' என்றால் 'மறுப்பதற்கில்லை'. ஒரே ஆங்கிலத் தொடருக்கு எங்கும் ஒரே தமிழ்ச் சொல்லை ஒட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

முலுண்ட்: 'ரூல் அவுட்' என்றால் நோய் இல்லைதானே?

முதல் பதிலைப் படியுங்கள்.

கோவண்டி: அப்பாவுக்கு மூன்று நாள் காய்ச்சல். 'ரூல் அவுட் டெங்கு' என்று எழுதியிருந்ததால் ரத்தம் கொடுக்காமல் திரும்பிவிட்டோம்.

மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும். டெங்கு இல்லை என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. அந்தச் சீட்டோடு அவரை இப்போதே பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.