வண்டி யாருக்காக ஓடுகிறது?

கேள்வி: கொரோனாவுக்குப் பிறகு குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ஸ்கூட்டர் வந்துவிட்டது. அரசுப் பேருந்துகள் மத்தியான நேரத்தில் காலியாகப் போகின்றன. போதாக்குறைக்குப் பெண்களுக்கு இலவசப் பயணம் வேறு. இந்த நட்டத்தைச் சுமப்பதைவிட அந்தப் பணத்தில் சாலைகளை அகலப்படுத்தினால் எல்லோருக்கும் பயன்படாதா?
— ஒரு வாசகர், கருங்கல்

பதில்: பயன்படாது. வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சில வருடம் பயன்படும். பிறகு அகலப்படுத்திய சாலையும் நிறைந்துவிடும். மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலம் கட்டினோம். பாலத்தை விட்டு இறங்கிய பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

2020 மார்ச் கடைசியில் பேருந்துகள் நின்றன. ஜூனில் கொஞ்சம் ஓடின, ஜூலையில் மறுபடி நின்றன, செப்டம்பரில்தான் மாவட்டத்துக்குள் ஓடத் தொடங்கின. வீட்டிலிருந்தே வேலை பார்க்க முடிந்தவர்களுக்கு அது ஒரு செய்தி. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டியவர்களுக்கும், முந்திரி ஆலைக்குப் போகும் பெண்களுக்கும், நாகர்கோவில் வடசேரி நிலையத்தில் இறங்கிக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் அப்படி இல்லை. ஆட்டோவுக்குக் கொடுத்தே கூலி தீர்ந்தது, அல்லது வேலை போனது. கேரளத்துக்கான பேருந்துகள் 2021 டிசம்பர் வரை, ஏறக்குறைய 20 மாதம் ஓடவில்லை. திருவனந்தபுரத்துக்குச் சிகிச்சைக்குப் போனவர்கள் களியக்காவிளையில் இறங்கி, எல்லையை நடந்து கடந்து, அந்தப் பக்கம் வேறு வண்டி பிடித்தார்கள். போக்குவரத்துக் கொள்கையைத் திரும்ப எழுதுவதென்றால் இவர்களை முன்னால் வைத்துத்தான் எழுத வேண்டும்.

வீட்டுக்கு வீடு ஸ்கூட்டர் என்கிறீர்கள். அது பெரும்பாலும் தவணையில் வாங்கியது. வீட்டில் ஒன்றுதான் இருக்கும், அதை எடுத்துக்கொண்டு போகிறவர் ஒருவர்தான். மற்றவர்கள் பஸ் ஸ்டாப்பில்தான் நிற்கிறார்கள். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்களில் 44 விழுக்காட்டுக்கு மேல் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். பேருந்து இல்லாததால் பைக்குக்கு மாறியவர்களும் அந்தக் கணக்குக்குள் இருக்கிறார்கள். பேருந்தின் நட்டத்தை எழுதும் பேரேட்டில் இந்த நட்டத்தை யாரும் எழுதுவதில்லை.

மத்தியானம் காலியாகப் போகும் வண்டியைப் பற்றி. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறவர், மத்தியானம் உடம்பு சரியில்லை என்றாலும் ராத்திரி கடை அடைக்க எட்டரை ஆனாலும் திரும்ப வண்டி உண்டு என்று நம்பித்தான் காலையில் பஸ் ஏறுகிறார். மத்தியான நடையையும் கடைசி வண்டியையும் வெட்டினால் காலை வண்டியிலும் கூட்டம் குறையும். குறைந்ததைக் காட்டி அதையும் வெட்டுவார்கள். கொரோனாவில் நின்ற நடைகள் திரும்பவில்லை என்று கருங்கல், அருமனை, குலசேகரம் பக்கத்திலிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. மற்ற பல மாவட்டங்களில் அரசு வண்டி வராவிட்டால் தனியார் பேருந்து வரும். இங்கே திருவிதாங்கூர் அரசு 1938-இல் சொந்தமாகப் பேருந்து ஓட்டத் தொடங்கிய காலத்திலிருந்தே வண்டி என்றால் அரசு வண்டிதான். மினி பஸ்ஸை விட்டால் வேறு கதி இல்லை. ஒரு காலத்தில், குமரியைத் தமிழ்நாட்டோடு இணைக்கப் போராடிய நேசமணியின் பெயரில் இந்த மாவட்டத்துக்கென்றே ஒரு போக்குவரத்துக் கழகம் இருந்தது. இன்று திருநெல்வேலிக் கோட்டத்தில் ஒரு மண்டலமாக இருக்கிறோம்.

இலவசப் பயணத்துக்கான தொகையை அரசு கழகத்துக்கு மானியமாகக் கொடுக்கிறது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அந்தப் பணம் வீட்டுச் செலவுக்குத்தான் போகிறது. என் குறை வேறு. இலவசம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் மட்டும்தான், அந்த வண்டி வராத ஊரில் அதற்கு அர்த்தமில்லை. வந்தாலும் ஏற விட வேண்டும். திட்டம் தொடங்கி ஏழு மாதத்தில், 2021 டிசம்பரில், குளச்சலில் மீன் விற்கும் ஒரு மூதாட்டியை நாற்றம் அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதல்வர் கண்டித்தார், ஊழியர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கடற்கரை ஊர்களிலிருந்து மீன் சருவத்தோடு வரும் பெண்களுக்கு வைக்க இடமுள்ள வண்டி வேண்டும் என்று அதற்கு முன்பே யாராவது யோசித்திருக்க வேண்டும்.

ரயிலில் நடந்ததையும் மறக்கக் கூடாது. பாசஞ்சர் ரயில்கள் ஸ்பெஷல் எக்ஸ்பிரஸ் என்ற பெயரோடு திரும்பி வந்தன. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ஆனது. பழையபடி ஆக 2024 பிப்ரவரி ஆயிற்று. முதியோருக்கு இருந்த 40, 50 விழுக்காட்டுச் சலுகை 2020 மார்ச்சில் தொற்றின் பெயரால் எடுக்கப்பட்டது, இன்னும் வரவில்லை.

2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல் வாழும் மாவட்டம் இது. தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம். களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை வீடு இல்லாத இடம் குறைவு. ஒரே நகரமாகத்தான் இதைத் திட்டமிட வேண்டும். சென்னைக்குப் பேருந்தையும் ரயிலையும் சேர்த்துப் பார்க்க 2010-இல் சட்டம் போட்டு ஓர் ஆணையம் அமைத்தார்கள். இங்கே குழித்துறையிலும் இரணியலிலும் ரயில் நிலையம் கடைத்தெருவை விட்டுத் தள்ளி இருக்கிறது. ரயில் வரும் நேரத்துக்கு வாசலில் ஒரு டவுன் பஸ் நிற்பதற்குக்கூட ஏற்பாடு இல்லை. அதற்கு நாலுவழிச் சாலை வேண்டாம், இரண்டு அலுவலகங்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.

நாலுவழிச் சாலையை முடிக்கட்டும், வெளியூர் லாரிகளுக்கு அது தேவை. ஊருக்குள் அகலப்படுத்தக் கடையும் வீடும் குளமும் வயலும்தான் போக வேண்டும். அதற்கான பணத்தையும் பேருந்திலிருந்து எடுக்கச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். 2020 மார்ச்சுக்கு முன் கருங்கல் வழியாக ஓடி இப்போது ஓடாத வண்டிகள் எவை என்று விசாரித்து, தடம் எண்ணோடும் நேரத்தோடும் எழுதுங்கள். மற்ற வாசகர்களும் எழுதலாம். பட்டியலை இந்தப் பக்கத்திலேயே அச்சிட்டு, ராணித்தோட்டத்தில் உள்ள போக்குவரத்துக் கழக அலுவலகத்துக்கும் அனுப்புகிறேன்.