லின்பேக் ஒருமுறை ஓடினால் கிளஸ்டரை ஒப்படைக்கலாமா?

கேள்வி: "வாடிக்கையாளர் ஒருவருக்கு எட்டு நோட் கிளஸ்டர் கட்டிக் கொடுக்கிறோம். லின்பேக் ஓடி நல்ல எண் வந்துவிட்டது. ஒப்படைக்கலாமா, இன்னும் சோதிக்க வேண்டுமா?"

ஒப்படைக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் நான் செய்வதும் இதே தொழில்தான்: பல கணினிகளை (ஒவ்வொன்றும் ஒரு நோட்) ஒன்றாகக் கோத்துக் கிளஸ்டர் கட்டுவது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டு "இன்னும் என்ன சோதனை?" என்று போன் எடுக்கும் ஒருவர் உங்களுக்கும் இருப்பார் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பெரிய சமன்பாட்டுத் தொகுதி ஒன்றைத் தீர்க்க வைத்து வேகத்தை அளக்கும் சோதனைதான் லின்பேக். அதை நான் குறை சொல்லவில்லை. 1993 முதல் உலகின் வேகமான கணினிகளின் டாப்500 பட்டியல் அதை வைத்துத்தான் போடப்படுகிறது. ஆனால் சின்ன அளவு கொடுத்தால் மெசின் சூடேறும் முன்பே முடிந்துவிடும். நோட் ஒன்றுக்கு 128 ஜிபி மெமரி என்றால், எட்டுக்கும் சேர்த்து அதில் 80 சதவீதம் நிரம்ப N (தீர்க்கும் சமன்பாடுகளின் எண்ணிக்கை) சுமார் 3,30,000 வரும். அதையும் ஒருமுறை ஓட்டினால் போதாது. திரும்பத் திரும்ப ஓட விட வேண்டும்.

இங்குள்ள ஓர் ஆய்வுப் பிரிவுக்கு நாங்கள் கட்டிய கிளஸ்டரைச் சொல்கிறேன். கொக்குவிலில் எங்கள் இடத்தில் ஒவ்வொரு நோட்டையும் தனித்தனியே ஓட்டியபோது எல்லாம் ஒரே வேகம். அவர்களுடைய அறைக்குக் கொண்டுபோய், சித்திரை வெயிலில் எட்டையும் ஒன்றாக ஓட்டினோம். லின்பேக் விடை சரி என்றது, எண்ணும் மோசமில்லை. ஆனால் ஒவ்வொரு நோட்டின் வெப்பநிலையையும் சிபியு வேகத்தையும் ஓட்டம் முழுக்கப் பதிந்து வைப்பது என் வழக்கம். அந்தப் பதிவில், நோட்டுகளை அடுக்கும் ராக்கின் மேலே இருந்த நோட் நேரம் போகப் போக வேகம் குறைந்துகொண்டே போனது தெரிந்தது. ராக்கில் வெற்றுத் தட்டுகளை மூடாததால், பின்பக்கச் சூட்டுக் காற்று சுற்றி வந்து அந்த நோட்டின் முன்பக்கமே நுழைந்திருக்கிறது. சிபியு தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துக்கொண்டது. மெசினின் பிழைப் பதிவில் (லாக்) ஒரு பிழைகூட இல்லை.

எம்பிஐ வேலை, அதாவது நோட்டுகள் தங்களுக்குள் செய்தி பரிமாறிச் சேர்ந்து செய்யும் வேலை, பெரும்பாலும் ஒவ்வொரு கட்டத்திலும் கடைசி நோட் வந்து சேரும் வரை காத்திருக்கும். ஒன்று மந்தமானால் எட்டும் மந்தம். செத்துப்போன நோட் என்றால் உடனே கண்ணில் படும். மந்தமான நோட்டுடன் ஓர் ஆய்வாளர் மாதக்கணக்கில் தன் புரோகிராமில்தான் பிழை என்று தேடிக்கொண்டிருப்பார். எனக்கு அதுதான் பொறுக்காது.

வெற்றுத் தட்டுகளை மூடி, ஏசி காற்றின் திசையை மாற்றியதும் வேகம் குறைவது நின்றது. அப்புறம் இன்னொன்று தெரிந்தது. ஒரு நோட்டில் இசிசி (மெமரிப் பிழையைத் தானே கண்டு திருத்தும் வசதி) திருத்திய பிழைகளின் எண்ணிக்கை மணிக்கு மணி ஏறியது. எப்போதாவது ஒன்று இரண்டு வருவது இயல்புதான், அதை வைத்து என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். தொடர்ந்து ஏறினால் அது இயல்பில்லை. அந்த மெமரியைக் கழற்றி வேறொரு நோட்டில் போட்டேன், பிழையும் கூடவே போனது. அதற்குள் விழா அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. விழாவை வையுங்கள், படம் எடுங்கள், ஆனால் ஒப்படைப்புப் பத்திரத்தில் நான் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கையெழுத்து இல்லாவிட்டால் எங்களுக்குப் பணமும் இல்லை. அது தெரிந்தேதான் சொன்னேன்.

மெமரி விஷயத்தில் இவ்வளவு கெடுபிடி எதற்கு என்பவர்களுக்கு: 2003இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1,100 பவர் மேக் ஜி5 மெசின்களைக் கோத்து உலகத்தில் மூன்றாம் இடத்துக்கு வந்தது. அவற்றில் இசிசி மெமரி கிடையாது. அடுத்த வருடமே எல்லாவற்றையும் இசிசி உள்ள சேர்வர்களாக மாற்றினார்கள்.

எங்களுக்குச் சாமான் தந்தவரோ "மெசின் நிற்கவில்லையே, பிறகென்ன பழுது" என்று மெமரியை மாற்றித் தர மறுத்தார். கைக்காசில் வாங்கிப் போட்டோம். இதையும் சொல்லத்தான் வேண்டும்: இதே வேலைக்குக் கொழும்பிலிருந்து வருபவர் கேட்ட தொகையைப் பேசாமல் கொடுப்பவர்கள், எங்களிடம் "இஞ்சதானே இருக்கிறியள், கொஞ்சம் குறையுங்கோ" என்கிறார்கள். பழுதென்றால் இரவிலும் ஓடி வருவது பக்கத்தில் இருக்கும் நாங்கள்தான். என்னிடம் வேலை பழகிய பெடியள் ஒவ்வொருவராக வெளிநாடு போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கம்பனி தொழிற்சாலையிலேயே சோதித்துத்தான் அனுப்புகிறது என்று சிலர் எழுதுவார்கள். தொழிற்சாலை சோதிப்பது பெட்டியை. ஏ9 வீதியில் லொறியில் குலுங்கி வந்ததையோ, வாடிக்கையாளரின் அறையையோ அது சோதிப்பதில்லை. ஆகவே அதே அறையில், பகல் வெயிலும் சேர, குறைந்தது 72 மணி நேரம் முழுச் சுமையில் ஓட விடுங்கள். ஒவ்வொரு நோட்டிலும் ஸ்ட்ரீம் என்ற சோதனையை ஓட்டி மெமரி வேகத்தை மற்ற நோட்டுகளோடு ஒப்பிடுங்கள். இன்பினிபேண்ட் (நோட்டுகளை இணைக்கும் அதிவேக நெட்வொர்க்) இருந்தால் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு போர்ட்டின் பிழை எண்ணிக்கையையும் பாருங்கள். கேபிள் சரியாக இறுகாவிட்டால் அதில் தெரியும்.

கடைசியாக, லின்பேக் ஓடும்போதே மெயின் கரண்டை நிறுத்துங்கள். சும்மா நிற்கும் மெசினைத் தாங்கும் யூபிஎஸ் முழுச் சுமையில் விழுந்துவிடலாம். கரண்ட் திரும்பியதும் எட்டும் ஒரே நேரத்தில் எழும்பக் கூடாது. தலைமை நோட் முதலில் எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் நெட்வொர்க் வழியாக பூட் ஆகும் மற்றவை காத்திருந்து கைவிட்டுவிடும். இந்தச் சோதனையை வாடிக்கையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒவ்வொரு நோட்டின் எண்களையும் தாளில் அடித்து ஒப்படைப்புப் பத்திரத்தோடு இணைத்துக் கொடுங்கள். அடுத்த வருடம் "மெசின் மெதுவாகிவிட்டது" என்று அவர் சொன்னால், இருவரும் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள் இருக்கும்.