நண்டு வளையும் விமானமும்: கேட்டவங்களுக்கு கேப்டனோட பதில்

நான் அம்மாபேட்டை பக்கத்து ஆளு. முப்பத்தோரு வருஷம் பறந்தாச்சு, கடைசி ஒம்பது வருஷம் பறக்கறதோட சேத்து கம்பெனியோட ஃப்ளைட் சேஃப்டி பொறுப்பும் பாத்தேன். கம்பெனி பேரு கேக்காதீங்க. பொங்கலுக்கு டீக்கடையில நாலு பேர் விமானத்த பத்தி கேட்டு ஆரம்பிச்சது, இப்ப திருவாரூர் கும்பகோணம்னு எல்லா பக்கமும் இருந்து கேள்வி வருது. என் வேலைக்குள்ள வர்றத சொல்றேன். டிக்கெட் வெல, லக்கேஜ் எல்லாம் எனக்கு தெரியாது.

கே (திருவாரூர், ஸ்கூல் டீச்சர்): சேஃப்டி ஹெட்னா தெனம் என்ன சார் வேல? விபத்து நடந்தா போய் பாக்கறதா?

ப: இல்ல டீச்சர், அது விசாரணை ஆளுங்க வேல. எங்க வேல அதுக்கு ரொம்ப முன்னாடி. நம்ம ஊர் கணக்குல சொன்னா நண்டு வளை. வாய்க்கா கரையில கட்டவெரல் போற அளவு ஒரு வளை இருக்கும், தண்ணி கம்மியா ஓடறப்ப ஒண்ணும் தெரியாது, மேட்டூர் தொறந்து முட்ட முட்ட தண்ணி வர்ற அன்னிக்கு அதுல லேசா கசிய ஆரம்பிச்சு விடியறப்ப பாத்தா மாட்டுவண்டி போற அளவுக்கு ஒடப்பு. ஒடப்ப அடைக்க ஊரே எறங்கணும், வளைய அடைக்க ஒரு கை சேறும் ஒரு புடி வைக்கோலும் போதும். நாங்க வளை தேடறவங்க.

தேட ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு விமானம் தானே பதிஞ்சு வைக்கற டேட்டா. எந்த வேகத்துல எறங்குச்சு, எவ்வளவு அடிச்சு உக்காந்துச்சு, ஆயிரம் அடியில எல்லாம் செட் ஆயிருந்துச்சா, அத்தனையும் கம்ப்யூட்டர் சொல்லிடும். ஆனா என்ன நடந்துச்சுன்னு தான் சொல்லும், ஏன் நடந்துச்சுன்னு சொல்லாது. அதுக்கு ஆளு வாயத் தொறக்கணும். ரெண்டாவது வழி அதான்.

ஒரு நாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும், ஒரு சின்ன பையன், கோ-பைலட்டா சேந்து ஆறு மாசம் கூட ஆகல, ஆபீஸ் வாசல்ல தொப்பிய கையில வச்சு சுத்திக்கிட்டே நிக்கறான். விமான கம்ப்யூட்டர்ல மொத்த எடை போட வேண்டிய எடத்துல எரிபொருள் சேக்காத எடைய போட்டுட்டேன் சார்ங்கறான். எட்டு டன் கம்மி. கெளம்பறதுக்கு முன்னாடி கேப்டன் பாத்து சரி பண்ணிட்டாரு, வேற யாருக்கும் தெரியாது. உக்கார வச்சு டீ வாங்கி குடுத்துட்டு, அந்த லோட்ஷீட்ட, அதான் எடைக் கணக்கு தாள, காட்டுன்னேன். பாத்தா ரெண்டு நம்பரும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணு, ஒரே சைஸ் எழுத்து, மை மங்கிப்போன பிரிண்ட். இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னு பேர் போடாம எல்லாருக்கும் அனுப்புனோம். அந்த மாசமே இன்னும் நாலு பேர், எனக்கும் ஆச்சு சார்னு வந்தாங்க. நாலு பேரும் சீனியர் கேப்டனுங்க! பிரிண்ட மாத்துனோம்.

எட்டு டன் தானேன்னு நெனைக்காதீங்க. எந்த வேகத்துல எழும்பணும்னு எடைய வச்சு தான் கணக்கு வரும். 2009 மார்ச்ல மெல்போர்ன்ல ஒரு பெரிய விமானம், ஏ340, எடை 362 டன்னுக்கு பதிலா 262-ன்னு போட்டு கெளம்புச்சு. வேகம் பத்தாம வால் தரையில தேச்சு, ரன்வே முடிஞ்சு வெளிய ஓடித்தான் எழும்புச்சு. எல்லாரும் தப்பிச்சது பெரிய விஷயம். ஒரே ஒரு நம்பர்.

கே (பட்டுக்கோட்டை): எந்த சீட்டு சார் சேஃப்? அகமதாபாத் விபத்துல தப்பிச்சவரு உக்காந்திருந்த 11ஏ-ன்னு சொல்றாங்களே.

ப: பெல்ட் போட்ட சீட்டு.

கே (தஞ்சாவூர், காலேஜ் தம்பி): அண்ணா, பைலட் ஆகணும். அப்பா ஒரு ஏக்கர விக்கறேங்கறார். எந்த ஸ்கூல்ல சேரலாம்?

ப: தம்பி, ஸ்கூல் அப்பறம். பிளஸ் டூவுல பிசிக்ஸ், மேத்ஸ் இருக்கான்னு பாரு. இருந்தா மொதல்ல டிஜிசிஏ, அதான் விமானத்துறைய பாத்துக்கற அரசாங்க ஆபீஸ், அவங்க அனுமதிச்ச டாக்டர்கிட்ட ரெண்டாம் வகுப்பு மெடிக்கல், அப்பறம் மொதல் வகுப்பு மெடிக்கல். கண்ணாடி போட்டா பரவாயில்ல, நிறக்குருடு இருந்தா அங்கேயே முடிஞ்சுது. இந்த ரெண்டும் கையில வர்றதுக்கு முன்னாடி நெலத்த தொடாதீங்க. செலவு அரைக் கோடிய தாண்டும், 200 மணி நேரம் பறந்து லைசென்ஸ் எடுத்ததுக்கு அப்பறமும் வேல ஒடனே வரும்னு எவனாச்சும் கையெழுத்து போட்டு தருவானா? நெலத்த வித்துட்டு மெடிக்கல்ல நின்னவங்கள நான் பாத்துருக்கேன். அதனால தான் கத்தறேன்.

கே (திருச்சி, உறையூர்): 2024 அக்டோபர்ல எங்க தலைக்கு மேல ரெண்டரை மணி நேரம் சுத்துச்சே ஒரு விமானம், எதுக்கு அப்படி சுத்தணும்? ஒடனே எறங்க வேண்டியதானே?

ப: அக்டோபர் 11, ஷார்ஜா போக வேண்டிய விமானம், 141 பேர். ஹைட்ராலிக் கோளாறு, அதான் சக்கரம், பிரேக் எல்லாம் இயக்கற எண்ணெய் அழுத்தத்துல பிரச்சனை. டிவியில அன்னிக்கு போட்ட சத்தத்துல எங்க அம்மாவே எனக்கு போன் பண்ணிட்டாங்க, நான் அப்ப வீட்ல தூங்கிக்கிட்டு இருந்தேன்.

விஷயம் எளிது. அந்த விமானம் போயிங் 737-800. முழு எடையோட கெளம்பலாம், கிட்டத்தட்ட 79 டன் வரைக்கும். ஆனா எறங்கறப்ப 66 டன்னுக்குள்ள இருக்கணும். பெரிய விமானங்கள்ல எரிபொருள வானத்துலயே கொட்டற வசதி இருக்கும், 737-ல அது கெடையாது. எரிச்சுத்தான் தீக்கணும், மணிக்கு ரெண்டரை டன் மாதிரி எரியும். அப்ப என்ன பண்ணுவ, சுத்துவ. தீப்பிடிச்சா எடையப் பாக்காம எறக்கிடுவோம், அது வேற. அன்னிக்கு அந்த அவசரம் இல்ல. இந்த மாதிரி நேரத்துல உள்ள ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருக்க மாட்டாங்க, புத்தகத்த தொறந்து ஒவ்வொரு வரியா படிச்சு, எந்த ஹைட்ராலிக் போச்சு, எது வேல செய்யும், பிரேக் எவ்வளவு புடிக்கும், திருச்சி ரன்வே எட்டாயிரம் அடி சொச்சம் தான், அது போதுமான்னு கணக்கு போடுவாங்க. கீழ இருந்து பாக்கறவங்களுக்கு அது சுத்தல், உள்ள இருக்கறவங்களுக்கு அது நேரம். கடைசியில சாதாரணமா எறங்குச்சு. அத மட்டும் யாரும் ரெண்டு நாளைக்கு மேல பேசல.

அதே ஊர்ல 2018 அக்டோபர்ல ஒரு விமானம் கெளம்பறப்ப ஏர்போர்ட் சுவத்த இடிச்சுட்டு போச்சே, நெனவு இருக்கா? எதுவும் ஆகலன்னு நெனச்சு போய்க்கிட்டே இருந்து, அப்பறம் மும்பைக்கு திருப்பி எறக்குனாங்க. எனக்கு அதுதான் பயங்கரம். சுத்துன விமானம் இல்ல.

கே (கும்பகோணம், பஸ் ஓனர்): கேப்டன், மேல சொன்னத படிச்சேன். தப்பு பண்ணவனுக்கு டீ வாங்கி குடுத்தா நாளைக்கு பயம் இருக்குமா? எங்கிட்ட ஏழு வண்டி ஓடுது. மெமோ குடுக்கலன்னா ஒருத்தன் மதிக்க மாட்டான்.

ப: பயம் இருக்கும்ண்ணே, உங்க மேல. ரோட்டு மேல இருக்காது.

எங்க துறையிலயும் தண்டனை இல்லாம இல்ல. பறக்கறதுக்கு 12 மணி நேரத்துக்குள்ள குடிக்கக் கூடாது, ஊதிப் பாக்கறப்ப மாட்டுனா மொத தடவையே மூணு மாசம் லைசென்ஸ் கெடையாது. பொய்க் கணக்கு எழுதுனா, தெரிஞ்சே விதிய மீறுனா, டீ இல்ல, வீட்டுக்கு தான். ஆனா கை தவறுனது வேற. அதுக்கு ஒரு சோதனை இருக்கு: அதே ட்ரெய்னிங் எடுத்த இன்னொரு ஆள அதே ராத்திரி, அதே தூக்கத்துல, அதே மங்கின பிரிண்ட்டோட உக்கார வச்சா அவனும் அத பண்ணிருப்பானா? ஆமான்னா தப்பு ஆள்கிட்ட இல்ல, எடத்துல இருக்கு. அவன தூக்கிட்டு வேற ஆள போட்டா அடுத்த மாசம் அவன் பண்ணுவான்.

கே (நீடாமங்கலம்): அகமதாபாத்ல என்ன ஆச்சு? சுவிட்ச யாரு அணைச்சது?

ப: இதே கேள்வி இது வரைக்கும் ஆறு பேர் கேட்டாச்சு, ஆறு பேருக்கும் ஒரே பதில். 2025 ஜூன் 12, ஏர் இந்தியா விமானம் கெளம்புன ஒடனே விழுந்துச்சு, 260 உயிர். முதல் கட்ட அறிக்கையில எரிபொருள் சுவிட்ச் ரெண்டும் அணைஞ்ச நிலைக்கு போச்சுன்னு இருக்கு. யாரு, ஏன்னு அந்த அறிக்கை சொல்லல, நானும் சொல்ல மாட்டேன். விபத்து விசாரணையே ஆளக் குத்தம் சொல்றதுக்கு இல்ல, அடுத்தத தடுக்கறதுக்குன்னு உலக விதியிலயே எழுதியிருக்கு. வீடியோ பாத்துட்டு தீர்ப்பு எழுதாதீங்க. இறந்து போனவங்களுக்கு வீட்ல புள்ளைங்க இருக்கு, அதுங்களும் அந்த வீடியோவ பாக்கும்.

கே (மயிலாடுதுறை, ஐடி வேல): கேப்டன் தப்பு பண்ணா கோ-பைலட் சொல்ல முடியுமா? எங்க ஆபீஸ்ல மேனேஜர் முன்னாடி வாயே தொறக்க முடியாது.

ப: பாப்பா, நான் ஒம்பது வருஷம் மண்டைய ஒடச்சுக்கிட்டது இதுக்குத் தான். 2010 மே 22, மங்களூர் விமான விபத்து. 158 பேர் போனாங்க. கேப்டன் வழியில நல்லா தூங்கிட்டாரு, குறட்டை சத்தம் காக்பிட் பேச்ச பதியற ரெக்கார்டர்ல இருக்கு. முழிச்சு எறக்கறப்ப ரொம்ப ஒசரத்துல இருந்தாங்க. பக்கத்துல இருந்தவரு திரும்ப மேல போயிடலாம்னு ஒரு தடவ இல்ல, திரும்பத் திரும்ப சொன்னாரு. கேக்கல. அவரும் கைய நீட்டி கண்ட்ரோல எடுத்துக்கல.

நம்ம வளர்ப்பு அப்படி. பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசாதன்னு தான் வளக்கறோம், பந்தியில கூட சாம்பார்ல உப்பு இல்லன்னு பெரியப்பா முன்னாடி சொல்ல மாட்டோம். அத காக்பிட்டுக்கு கொண்டு போனா ஆளு சாவான். அதனால என் கூட பறக்கற பசங்ககிட்ட கெளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன்: நான் இன்னிக்கு ஒரு தப்பு கண்டிப்பா பண்ணுவேன், கண்டுபுடிக்கறது உன் வேல. ரெண்டு தடவ சொல்லியும் நான் பதில் பேசலன்னா விமானம் உன்னுது. அப்பறம் எறங்காம மேல போனதுக்கு எவன்கிட்டயும் விளக்கம் கேக்கக் கூடாதுன்னு எழுதி வச்சோம்.

கே (பாபநாசம்): கடைசி வரிசை சீட்டு சேஃபா?

ப: மேல பாருங்க.

கே (ஒரத்தநாடு, விவசாயி): ட்ரோன்ல மருந்து அடிக்கறோம். தஞ்சாவூர் ஏர்போர்ஸ் பக்கத்துல அடிக்கலாமா? அந்த சுகோய் போர் விமானம் எப்ப எப்ப பறக்கும்?

ப: டிஜிட்டல் ஸ்கைனு அரசாங்க மேப் இருக்கு, உங்க வயல் எந்த கலர்ல விழுதுன்னு அதுல பாருங்க மாமா, செவப்போ மஞ்சளோன்னா அனுமதி இல்லாம தூக்காதீங்க. வாடகைக்கு வர்ற பையன்கிட்ட பைலட் சர்டிபிகேட் இருக்கான்னு கேளுங்க. சுகோய் எனக்கு சம்பந்தம் இல்லாத விஷயம், தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு, கேக்காததையும் சொல்றேன். ட்ராக்டர் உழுறப்ப பின்னாடியே அம்பது அறுபது கொக்கு நடந்து வருமே, அது பரவாயில்ல, தாழப் பறக்கும். எனக்கு கவலை கோழிக்கடை கழிவ ரோட்டோரம் கொட்டறது தான். அதுக்கு பருந்து வரும், ஒசரத்துல வட்டம் போடும். விமான நெலயத்த சுத்தி பத்து கிலோமீட்டர்ல கழிவு கொட்டக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. ஒரு பருந்து இன்ஜினுக்குள்ள போனா என்ன ஆகும்னு நான் பாத்துருக்கேன், வாசன கேபின் வரைக்கும் வரும்.

கே (கும்பகோணம், பஸ் ஓனர்): நீங்க விமானம் பத்தி பேசறீங்க, அவங்கல்லாம் படிச்சவங்க. என் டிரைவருக்கு டீ குடுத்தா இன்னொரு டீ கேப்பான். வேகமா ஓட்டாதன்னு தெனம் சொல்றேன், கேக்கறானா?

ப: அண்ணே, ஒரு கேள்வி. பேட்டா எப்படி குடுக்கறீங்க? கலெக்‌ஷன வச்சா?

கே (அதே பஸ் ஓனர்): எல்லாரும் அப்படித்தான் குடுக்கறாங்க.

ப: அப்ப வாயால மெதுவா போன்னு சொல்றீங்க, பேட்டாவால வேகமா போன்னு சொல்றீங்க. அவன் எத கேப்பான்? முன்னாடி வண்டிய முந்தி அய்யம்பேட்டை ஸ்டாப்ல ஆள ஏத்துனா அவனுக்கு ராத்திரி சோறு. அவன் வேகத்துல பாதி உங்க நோட்டுல இருக்குண்ணே.

கே (வலங்கைமான், ரிட்டயர்டு டிரைவர்): கேப்டன் சார் சொல்றது நெஜம். நான் 26 வருஷம் ஓட்டுனேன். பிரேக் எடது பக்கம் இழுக்குதுன்னு ஷெட்ல சொன்னா உனக்கு ஓட்டத் தெரியலம்பாங்க. ரெண்டு தடவ சொல்லிட்டு விட்டுட்டேன். இழுக்கற வண்டிய இழுத்துப் புடிச்சே ஓட்டுனேன்.

ப: அய்யா, இத நீங்க ரிட்டயர் ஆன பின்னாடி சொல்றீங்க பாருங்க, இதத்தான் நான் சொல்ல வந்தேன். எங்களுக்கு டெக் லாக்னு ஒரு புத்தகம். கேப்டன் கோளாற எழுதிட்டா இன்ஜினியர் பாத்து கையெழுத்து போடாம விமானம் நகராது. சரி பண்ணேன்னு எழுதணும், இல்ல இத்தன நாளைக்கு இப்படி ஓட்டலாம்னு லிஸ்ட்ல இருந்து காட்டி எழுதணும். வாயால சொன்னா காத்துல போயிடும். பஸ் ஓனர் அண்ணே, நாப்பது ரூவா நோட்டு ஒண்ணு ஷெட்ல கட்டி தொங்க விடுங்க. டிரைவர் எழுதணும், மெக்கானிக் கையெழுத்து போடணும். ஒரு மாசம் பாருங்க.

கே (வேதாரண்யம்): விமானம் குலுங்குனா பயமா இருக்கு, விழுந்துடுமா?

ப: விழாது. பெல்ட்ட போட்டு உக்காருங்க, சூடான காபிய கையில வச்சுக்காதீங்க.

கே (மன்னார்குடி): மகன் பைலட் ஆகணும்கறான், எடம் விக்கலாமான்னு...

ப: மெடிக்கல். மெடிக்கல். மெடிக்கல். மேல தஞ்சாவூர் தம்பிக்கு எழுதியிருக்கேன், அத மகனுக்கு படிச்சு காட்டுங்க.

கே (கும்பகோணம், பஸ் ஓனர்): கேப்டன், நோட்டு கட்டி பத்து நாள் ஆச்சு. ஒருத்தன் ஒரு வரி எழுதல. ஒரு பக்கத்துல கம்பம் பஸ் டைமிங் எழுதி வச்சுருக்கான். நான் தான் சொன்னேன்ல.

ப: எனக்கும் இப்படித்தான் ஆச்சுண்ணே. தப்ப எழுதிப் போடுங்கன்னு ஆபீஸ்ல ஒரு பெட்டி வச்சேன், மொத ரெண்டு மாசம் அதுல விழுந்தது ஒரு மிட்டாய் பேப்பர், கேன்டீன் இட்லி சரியில்லன்னு ஒரு சீட்டு. அப்பறம் நானே உக்காந்து எழுதுனேன். ஒரு ஊர்ல ராத்திரி டவர்ல சொன்னத பாதி கேட்டு வேற டாக்ஸிவேக்குள்ள, அதான் ரன்வேக்கு போற வழி, திரும்பிட்டேன், எதுத்தாப்புல வண்டி ஒண்ணும் வரல, வந்துருந்தா மூக்கோட மூக்கு. தேதி, விமானம், என் பேரு எல்லாம் போட்டு போர்டுல ஒட்டுனேன். ரெண்டு நாள் எல்லாரும் அத நின்னு நின்னு படிச்சாங்க, ஒருத்தன் போட்டோ கூட எடுத்தான். அடுத்த வாரம் மூணு சீட்டு விழுந்துச்சு.

கே (அதே பஸ் ஓனர்): நான் வண்டி ஓட்டறதே இல்லையே, நான் என்னத்த எழுத?

ப: தேஞ்ச டயர இன்னும் ஒரு வாரம் ஓட்டுன்னு எப்பவாச்சும் சொல்லியிருப்பீங்கல்ல? எந்த வண்டி, எந்த தேதின்னு போட்டு எழுதுங்க. கையெழுத்தும் போடுங்க.